உலகம்மாள் கை நனைத்த வீடுகள்

நான்கு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன உலகம்மாள், தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கல் அன்று காலை, கோவில்பட்டியிலிருந்து வருகிற ஏழு பத்து பேருந்தில் வல்லநேரி விலக்கில் வந்து இறங்கினாள்; இறங்கியவள் முதலில் சேலைக் கொசுவத்தை உதறிச் சரிசெய்தாள், பிறகு கையிலிருந்த மஞ்சள் பையை இடமிருந்து வலத்துக்கு மாற்றிக்கொண்டாள், பிறகு நடத்துநரைத் திரும்பிப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா இப்படியா குலுக்கிக் கொண்டாருவீக?" என்று கேட்டாள், அந்தக் குரலைக் கேட்டதும்தான் தேநீர்க் கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் இது உலகம்மாள்தான், வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவரவர் டம்ளருக்குத் திரும்பினார்கள்.

ஏன் வந்தாள், எப்படி வந்தாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாள் என்றுதான் கேட்டார்கள். விருந்தாளி வந்து இறங்கினால் வல்லநேரியில் அதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் உலைக்கு அரிசி அளப்பார்கள்.

உலகம்மாள் வாழ்ந்த வீடு கைமாறிக் கைபேசிக் கடையாகிவிட்டிருந்தது. அதனால் அவள் நேராகத் தங்கை செண்பகவல்லியின் வீட்டுக்கு நடந்தாள். அது இருவரும் பிறந்து வளர்ந்த வீடு. செண்பகம் கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கேயே தங்கிவிட்டவள், கல்லூரியில் வரலாறு படித்தவள், முன்னறையை ஜெராக்ஸ் கடையாக்கி முப்பது வருடமாக ஊராரின் பிறப்பையும் இறப்பையும் சாதியையும் ஜாதகத்தையும் பச்சை வெளிச்சத்தில் வாட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள். அன்று கடை விடுமுறை. நாற்காலியில் சம்மணமிட்டு, கிரேக்கப் புராணத்தைத் திருப்பி எழுதிய புதுப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவள், கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அக்கா.

"வான்னு ஒரு வார்த்தை வருதா பாரு" என்றாள் உலகம்மாள்.

"வாக்கா."

"அது. இன்னும் இந்தக் கிரேக்கத்துக்காரனுவளக் கட்டிக்கிட்டுத்தான் அழுதியா?"

"உக்காருக்கா. காப்பி போடுதேன்."

"ஏட்டி, ஒன் வீட்ல கை நனைக்க மாட்டேன்னு சொன்னேனே, மறந்துபோச்சா?"

"செத்ததுக்குப் பொறவுமா?"

"செத்தது நான்தானே. சொன்ன சொல்லா செத்துச்சு?"

கை நனைப்பது என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவது. ஆனால் அது வயிற்றோடு முடிந்துபோகிற காரியம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலையைத் தொட்டுக் கும்பிடுவார்கள், தட்டிலிருக்கிற கேசரியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். நனைத்துவிட்டால் கட்டுப்பட்டாயிற்று என்று அர்த்தம். அதேபோல ஒரு வீட்டோடு பகை என்றால், அடிதடியெல்லாம் அப்புறம், முதலில் அந்த வீட்டில் கை நனைப்பதை நிறுத்துவார்கள்.

செண்பகத்துக்குக் கிரேக்கர்கள் உறவானதே இந்த ஒரு சொல்லால்தான். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், பக்கத்து ஊர்க் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் தலையணை கனத்தில் ஒரு புராணப் புத்தகத்தைப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போனவர், திரும்பி வரவே இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் அதைப் படித்தாள். மூன்று ஊரில் மூன்று குடும்பம் வைத்துக்கொண்டு மூன்றிலும் மரியாதை வாங்குகிற ஜீயஸும், அவன்மேல் உள்ள கோபத்தை அந்தப் பெண்கள்மேல் காட்டுகிற அவன் மனைவி ஹீராவும், அந்தப் பெரிய குடும்பத்தில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்கிற ஒரே ஆளான தூதன் ஹெர்மிஸும் அவளுக்குப் புதியவர்களாகத் தெரியவில்லை, ஏதோ கல்யாண வீட்டில் பார்த்து முகம் மறந்துபோனவர்கள்போல் இருந்தார்கள். பிறகு பெர்செபொனியின் கதை வந்தது. பயிர்களுக்குத் தாயான டெமீட்டரின் ஒரே மகள் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது, பாதாளத்துக்கு ராஜாவான ஹேடிஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிப் போனான். மகளைக் காணாமல் தாய் வாடினாள், தாய் வாடியதில் பூமியில் ஒரு புல்லும் முளைக்கவில்லை. கடைசியில் தெய்வங்கள் இறங்கிவந்து மகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், அவளும் கிளம்பினாள். ஆனால் கிளம்புமுன் அந்த வீட்டில் ஆறே ஆறு மாதுளை முத்துகளைத் தின்றிருந்தாள், அதனால் வருடத்தில் ஆறு மாதம் அவள் பாதாளத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்று ஆனது. ஆறு முத்துக்கு ஆறு மாதமா, இது என்ன நியாயம் என்று வெள்ளைக்காரர்கள் அடிக்குறிப்பில் ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்கள். செண்பகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அடப்பாவி, கை நனைச்சுட்டாளே" என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்தக் கதைதான் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அக்காவையும் தங்கையையும் பிரித்தது. உலகம்மாளின் மகள் வேணியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடவில்லை. மௌனத்தைத் தாங்கத் தெரியாத செண்பகம், "இந்த வழக்கம் கிரேக்கத்திலயும் உண்டு, தெரியுமா?" என்று ஆரம்பித்து, மாதுளை முத்துவரை வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"பாதாளத்துக்கு ராஜா" என்றாள் செண்பகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் சிரிப்பார்கள் என்ற ஆசையில், "பொண்ணோட அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? எங்க அக்கா மாதிரிதான். மகளை அனுப்ப மனசில்லாம ஊரையே பட்டினி போட்டுட்டா" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. "நாங்க என்ன பாதாளத்துக்கா கூட்டிட்டுப் போறோம்?" என்று அந்த அம்மா எழுந்தாள், அவளோடு மாப்பிள்ளையும் எழுந்தான், கார் கிளம்பிய புழுதி அடங்குமுன் உலகம்மாள் சொன்னாள்: "ஒன் வீட்ல இனி என் கை நனையாது." சொன்னதைக் காப்பாற்றினாள். வேணி வேறொருவனைக் கட்டிக்கொண்டு சிட்னியில் சந்தோஷமாக இருந்தாள், அந்தச் சம்பந்தம் முறிந்ததற்காகவே வருடம் தவறாமல் சித்திக்குப் புதுப் புத்தகங்கள் அனுப்பினாள். ஆனாலும் அக்கா வரவில்லை. உண்மைக் கதையைத்தானே சொன்னேன், இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்று தங்கையும் போகவில்லை. அப்படியே பதினோரு வருடம் போனது, அதற்கப்புறம் உலகம்மாளும் போய்விட்டாள்.

இப்போது வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதை முதலில் கேட்பது என்று செண்பகம் யோசிக்கவே இல்லை.

"அக்கா, அங்க எதுவும் சாப்பிட்டியா?"

"சாப்பிடாம? போன அன்னைக்கே பந்தியில உக்காத்தி வச்சுட்டாங்க. வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்தா எப்படி உதறுறது? மரியாதையா இருக்குமா? தயிர்சாதம் மட்டும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்."

"தயிர்சாதத்துல என்ன கிடந்துச்சு?"

"கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி." உலகம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "மாதுளை முத்து."

"எத்தனை?"

"பந்தியில உக்காந்து முத்து எண்ணவா முடியும், ஏட்டி?"

மாட்டுக்குப் பொங்கல் வைத்து முடிப்பதற்குள் செய்தி ஊர் முழுவதும் பரவிவிட்டது. தின்ற முத்து ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் ஒரு மாதம் அவள் அங்கே இருக்க வேண்டும்; இதைக் கிரேக்கர்கள் சொன்னதற்காக அல்ல, உலகம்மாளை அனுப்பி வைத்தவர்களும் அதையேதான் சொல்லியனுப்பியிருந்தார்கள் என்பதற்காக ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லவில்லையாம். அது சாப்பிட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்று இருந்துவிட்டார்களாம். ஆக, ஒரு கரண்டி தயிர்சாதத்தில் எத்தனை மாதுளை முத்து இருக்கும்? பால் பண்ணையிலும் பேருந்திலும் பள்ளிக்கூட ஆசிரியர் அறையிலும் ஒரு வாரம் இதே பேச்சு. நாலு என்றார்கள், இருபது என்றார்கள். பன்னிரண்டைத் தொட்டாலே அவள் உடனே கிளம்ப வேண்டியதுதான் என்று ஒருவர் சொன்னபோது, சுற்றி நின்ற எல்லோரும் அவரை ஏதோ அவரே முத்துகளைப் போட்டவர்போல் முறைத்தார்கள்.

கடைசியில் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைக்கிற குத்தாலம் அண்ணாச்சியை வரவழைத்தார்கள். அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மருத்துவரைப்போல் விசாரித்தார்.

"கரண்டி குழியா, தட்டையா?"

"குழி."

"சாதம் குழைவா, உதிரியா?"

"குழைவு. வெண்ணெய் போட்டிருந்தாங்க, அண்ணாச்சி. பொய் சொல்லக் கூடாது, நல்ல கை."

குத்தாலம் அண்ணாச்சியின் முகம் ஒரு கணம் சுருங்கியது, பிறகு தொழிலுக்குத் திரும்பியது. அம்மன் கோயில் மண்டபத்தில், நண்பகலில், ஊர் பார்த்திருக்க, நூறு பேருக்கு ஆகிற தயிர்சாதம் கிளறி, நூறு பேருக்கு ஆகிற முத்துகளைப் போட்டு, குழிக்கரண்டியால் ஒரு கரண்டி எடுத்து உலகம்மாளின் இலையில் வைத்தார். எண்ணினார்கள். பன்னிரண்டு. செண்பகம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான், அக்கா போய்விடக் கூடாது என்று தான் இவ்வளவு விரும்புவது அவளுக்கே தெரிந்தது.

"பொறுங்க" என்றார் அண்ணாச்சி. "எலையில விழுந்தது வேற, வயித்துல விழுந்தது வேற. யம்மா, அங்க சாப்பிட்ட மாதிரியே சாப்பிடுங்க. யாராச்சும் பேச்சுக் குடுங்க. பந்தியில பேசாமயா சாப்பிட்டிருப்பாங்க?"

பேச்சுக் கொடுக்க ஆளா இல்லை? பக்கத்துத் தையல் கடை மைமூன் முன்னால் வந்து உட்கார்ந்து, "உலகம்மாக்கா, அங்க தண்ணிக் கஷ்டம் உண்டா?" என்று ஆரம்பிக்க, உலகம்மாள் பேசிக்கொண்டே சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே பேசினாள், எட்டாவது முத்து கட்டுப்பல்லில் மாட்டியதும் சீ என்று அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள், அதற்கப்புறம் கண்ணில்பட்ட முத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். இலையை மடிக்க விடாமல் எண்ணினார்கள். ஓரத்தில் ஐந்து. வயிற்றில் ஏழு.

ஏழு மாதம் அங்கே. ஐந்து மாதம் இங்கே. தையிலிருந்து வைகாசி முடிய.

அன்று மண்டபத்தில் எழுந்த குலவைச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன, மீதித் தயிர்சாதத்தை ஊரே உட்கார்ந்து தின்றது, அந்த வருடம் வல்லநேரியில் வேம்பு தை மாதத்திலேயே பூத்தது, முருங்கை இலை தெரியாமல் காய்த்தது, உப்புக் கிணறுகள் இரண்டு இனிப்பாக மாறின. இதற்கும் உலகம்மாளுக்கும் சம்பந்தம் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டபோது, ஊர்க்காரர்கள், அவ இருக்கும்போதே அவ வச்ச செடி எதுவும் பட்டுப்போனது கிடையாது என்று மட்டும் சொன்னார்கள்.

கிராம நிர்வாக அலுவலகத்தில்தான் கொஞ்சம் சிக்கல். இறந்தவரைப் பட்டியலிலிருந்து எடுக்கப் படிவம் இருந்தது, திரும்பி வந்தவரைச் சேர்க்கப் படிவம் இல்லை. அடையாளத்துக்கு ஏதாவது சான்று வேண்டும் என்றார்கள். அப்போதைக்கு அவளிடம் இருந்த ஒரே சான்று அவளுடைய இறப்புச் சான்றிதழ்தான். செண்பகம் அதை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தாள், அலுவலர் விரல்ரேகையைச் சரிபார்த்து, ரேகை பொருந்தியதால், "தற்காலிகமாக வெளியூர் சென்றிருந்தார்" என்று எழுதிக்கொண்டார்.

மாலைகளில் உலகம்மாளைச் சுற்றிக் கூட்டம். பல்லுப் போன பெண்கள் தங்கள் அம்மாக்களைப் பற்றி விசாரித்தார்கள். "ஒங்க அம்மைக்கு இப்ப மூட்டுவலி கிடையாது, படி ஏறி இறங்குதாங்க, ஆனா வாய் மட்டும் மாறலை" என்று அவள் சொன்னால், கேட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். செண்பகமும் கேட்டாள்.

"வாசல்ல மூணு தலை நாய் ஒண்ணு இருக்குமே?"

"தலை ஒண்ணுதான். மூணு நாய் சோறு திங்கும்."

"ஹேடிஸ்? அந்த ராஜா?"

"ஒன் ஆளுவ யாரையும் நான் பாக்கலை. அவங்களுக்கு வேற வாசலா இருக்கும்."

செண்பகத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வேணி அனுப்பிய புத்தகங்களில் ஹேடிஸ் இப்போதெல்லாம் வெகு நல்லவன். பழைய கதையில் ஒரு குரலும் இல்லாமல் ஓரத்தில் நின்ற பெண்களையெல்லாம் புதிய ஆசிரியர்கள் பிடித்துவந்து முன்னால் நிறுத்தி, நீயே சொல் தாயே என்று விட்டுவிடுகிறார்கள், அது செண்பகத்துக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிக் கோபப்படுவதும், ஒரே மாதிரி வாக்கியத்தில் கோபப்படுவதும், அட்டையில் எல்லோர் தலையிலும் அதே தங்க இலைகள் இருப்பதும் அவளுக்குச் சலிப்பு. பாதாள ராஜாவுக்கு நீண்ட இமைகளும் தனிமைத் துயரமும் கொடுத்துவிட்டு, மகளைத் தேடி வெறுங்காலோடு பூமியெல்லாம் அலைந்தவளை மூச்சுமுட்ட வைக்கிற அம்மாவாக ஆக்கிவிட்டார்களே, இது என்ன கணக்கு என்று அவள் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். டெமீட்டருக்கு ஒரு சகோதரி உண்டு, ஹெஸ்டியா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவள். அவளுக்கென்று ஒரு கதையும் கிடையாது. ஒவ்வொரு புதுப் புத்தகம் வரும்போதும், இந்தத் தடவையாவது அவளைப் பற்றி எழுதியிருப்பார்களா என்று செண்பகம் பின்னட்டையைத்தான் முதலில் பார்ப்பாள்.

இப்படிப் பொழுது நன்றாகவே போனது, ஒன்றைத் தவிர. உலகம்மாள் தங்கை வீட்டில் படுத்தாள், குளித்தாள், தலை சீவினாள். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே போனாள். ஊரில் அவளை அழைக்காத வீடு இல்லை. ஒரு வீட்டில் ஆப்பம், ஒரு வீட்டில் உளுந்தங்களி, குத்தாலம் அண்ணாச்சி வீட்டில் தினமும் தயிர்சாதம், அங்கே சாப்பிட்டதைவிட இது எப்படி என்று கேட்டுக் கேட்டு. மாசி மாதத்தில் ஒருநாள் மைமூன் வீட்டுப் பந்தியில் அவள் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

"அடுத்த வருசம் எந்த வீட்டுக்கு வருவேன்னு எனக்கே தெரியலை, மைமூனு. கை நனைச்ச வீட்டுக்குத்தான் வழி தெரியும்னு சொல்லிட்டாங்க."

"அப்ப இந்த வருசம் செண்பகக்கா வீட்டுக்கு எப்படி வந்தீக?"

"சின்னப் பிள்ளையில அங்க தின்ன சோறு. அது ஒரு தடவைக்குத்தான் தாங்குமாம். அதுக்கு மேல, புதுசா நனைச்சாத்தான் உண்டு."

அன்றே மைமூன் மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள். செய்தி செண்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் யாருடைய சாதிச் சான்றிதழையோ கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போய் வந்தது, பிரதி வெளியே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. வருடத்தில் ஐந்து மாதம் அக்கா இதே தெருவில் இருப்பாள், ஆனால் இந்த வீட்டுக்கு வழி தெரியாமல், சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமாக மட்டும் இருப்பாள். இதற்கு அக்கா செத்தே இருந்திருக்கலாம், அங்கே யாரும் மைமூன் வீட்டு மாடியில் இருப்பதில்லை என்று ஒரு குரூரமான எண்ணம் வந்தது, வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பத்திரம் எழுதுகிற சங்கரபாகம் ஒரு வழி கண்டுபிடித்து, கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தபடி வந்தார்.

"உலகம்மா, நீங்க என்ன சொன்னீங்க? ஒன் வீட்ல நனையாதுன்னு சொன்னீங்க. இந்த முன்ரூம்பு வீடே கிடையாது. இது கடை. வரி ரசீதே வேற. மெஷினுக்குப் பக்கத்துல எலையப் போட்டுச் சாப்பிட்டா, சொல்லும் நிக்கும், சோறும் எறங்கும்."

"அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள், "பத்திர ஆபீசை ஏமாத்தலாம். சொல்ல ஏமாத்த முடியுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் செண்பகமும் உள்ளேயிருந்து. "சந்து வழியா வர்ற அக்கா எனக்கும் வேண்டாம்."

அதற்கப்புறம் அவள் அக்காவைச் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசி கடைசி நாள் வந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து. மதியம்வரை தெருவே வந்து விடைபெற்றுப் போனது. மைமூன், "மாடியில கொசுவலை மாட்டியாச்சு, தைக்கு நேரா அங்க வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் இரண்டு பேர்தான். உலகம்மாள் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். செண்பகம் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். அடுப்பில் சொதி கொதித்து இறங்கியிருந்தது, தேங்காய்ப்பால் வாசனை வீடு முழுவதும் இருந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் கதையைத் தப்பாச் சொல்லிட்டேன்."

"எந்தக் கதைய?"

"அந்த அம்மா கதைய. மகளை அனுப்ப மனசில்லாம ஊரையே பட்டினி போட்டான்னு சொன்னேன்லா? புத்தகத்துல அப்படி இல்ல. அவ யாரையும் பட்டினி போடலை. அவளுக்குச் சோறு எறங்கலை. அவளுக்கு எறங்கலைன்னதும் பூமிக்கும் எறங்கலை. அம்புட்டுத்தான். அந்த ஆளுவ சிரிக்கணும்னு நான் மாத்திச் சொன்னேன். ஒன்னைய வச்சு."

உலகம்மாள் மடித்த சேலையை விரித்து, மறுபடியும் மடித்தாள்.

"வேணி பிளேன் ஏறின அன்னைக்கு எனக்கும் எறங்கலை" என்றாள். "எட்டு நாள்."

"தெரியும். சொன்னாங்க. நான் வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்." சேலையைப் பைக்குள் வைத்துவிட்டு உலகம்மாள் நிமிர்ந்தாள், கண்ணில் பழைய வம்பு திரும்பியிருந்தது. "அது கிடக்கட்டும். நீ மட்டும் யோக்கியமா? என் பதினாறு அன்னைக்கு என் வீட்ல எல போட்டாங்க. வந்து உக்காந்த. பருப்பு ஊத்தினாங்க, நெய் ஊத்தினாங்க. எந்திரிச்சுப் போயிட்ட."

"நீ பாத்தியா?"

"பாக்காம? எனக்காகப் போட்ட பந்தி."

"நீ என் வீட்ல நனைக்காமலே போயிட்ட. நான் மட்டும் ஒன் வீட்ல நனைப்பேனா?"

"வீம்பு."

"வீம்புதான்."

"அப்பா புத்தி."

"ஒனக்கும் அதே அப்பாதான்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. உலகம்மாள் சிரித்துச் சிரித்து இருமினாள், செண்பகம் அவள் தலையில் தட்டினாள். பிறகு செண்பகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இப்ப நனைக்கலாம்னாலும் ஒனக்கு வீடு ஏது?" என்றாள்.

"ஏன் இல்லாம? அங்க இருக்கு. ரெண்டு ரூம்பு, பின்னால ஒரு கிணறு. சாயங்காலமானா அடுப்புல எண்ணெய்ச் சட்டிய வச்சுருவேன்." உலகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கை முறுக்கு, ஏழு சுற்றுச் சுற்றியது, ஒரு பக்கம் லேசாக உடைந்திருந்தது. "நான் சுட்டது. அங்க வச்சு. வந்த நாள்ல இருந்து குடுக்கணும்னு நினைக்கேன், குடுக்கக் கூடாதுன்னும் நினைக்கேன். யோசிச்சுத் தின்னு, ஏட்டி. கட்டிப் போட்டுரும்."

பெர்செபொனி அந்த முத்துகளைத் தெரிந்து தின்றாளா, தெரியாமல் தின்றாளா என்பதில்தான் புதுப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஏமாந்தாள் என்றது ஒன்று, பசித்தது என்றது ஒன்று, இரண்டு வீட்டுக்கும் நடுவில் தனக்கென்று ஒரு பாதை வேண்டும் என்பதற்காகவே தின்றாள் என்றது இன்னொன்று. செண்பகம் வைகாசி வெயில் விழுந்த அந்த அறையில், ஏழு சுற்றில் வெளிச்சுற்று ஒன்றை மட்டும் பக்குவமாக ஒடித்து எடுத்தாள். ஒரு சுற்று, ஒரு மாதம். எப்படியும் ஒருநாள் மொத்தமாகப் போகப்போகிற இடம், அதற்கு முன்னால் வருடம் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தால் என்ன என்று நினைத்தாள். தெரிந்தே வாயில் போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது. உப்பு ஒரு கல் தூக்கல். உலகம்மாள் கைக்கு எப்போதும் அப்படித்தான்.

"எப்படி இருக்கு?"

"உப்பு ஜாஸ்தி."

"ஒன் மூஞ்சி. எலையப் போடு" என்றாள் உலகம்மாள்.

மூன்று தடவை சோறு வாங்கினாள். சொதியை ஊற்றி, இஞ்சித் துவையலைத் தொட்டு, உருளைக்கிழங்கு வறுவலை எண்ணாமல் எடுத்து, புறங்கையில் வழிந்ததை நக்கி, போதும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டு, பதினைந்து வருடத்துப் பசியையும் உட்கார்ந்து தின்றாள். ஐந்து மணிப் பேருந்து ஐந்தே காலுக்குத்தான் கிளம்பியது. ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்க, நடத்துநர், "பாட்டி கை கழுவுதாங்க, பொறு" என்றார்.

மைமூனுக்கு இரண்டு நாள் முகம் தூக்கல், மூன்றாம் நாள் கொசுவலையைக் கழற்றிக்கொண்டு வந்து செண்பகத்திடம் கொடுத்தாள். ஆனி பிறந்தது, ஆடியில் காற்றடித்தது, ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகை கடைசி வாரத்தில் ஜெராக்ஸ் கடைக் கதவில், செண்பகத்தின் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது.

மார்கழி மாதம் முழுவதும் கடை விடுமுறை. அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவசரத்துக்குப் பேருந்து நிலையத்தில் பிரதி எடுத்துக்கொள்ளவும்.

ஊர் அதை நின்று படித்தது. எத்தனை நாள் என்பது எழுதியே இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தாளின் கீழ் வெற்றிடத்தில் பென்சில் எழுத்துகள் முளைக்கத் தொடங்கின. 'எங்க அப்பாவுக்கு மூக்குப்பொடி ஒரு டப்பா, கடையில் தந்திருக்கிறேன்.' 'அத்தையிடம் கேட்கவும்: கம்மல் திருகாணியை எங்கே வைத்தார்கள்?' 'பந்தியில் கரண்டி பிடிக்கிறவர் யார், எந்த ஊர் என்று விசாரிக்கவும். குத்தாலம்.' நாலாம் நாள் இடமில்லாமல் செண்பகம் இன்னொரு தாள் ஒட்டினாள், அதுவும் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, தாளின் விளிம்பில், துணிக்கு அளவு குறிக்கிற நீலச் சுண்ணக்கட்டியால் மைமூன் எழுதியிருந்தாள்: 'எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. அங்க வர்றதுக்கு எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.'